குழந்தைக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் வேண்டும்?

தசரா, தீபாவளி நெருங்கும்போது வங்கிக் கிளைகளில் கார்க்கடன் விண்ணப்பங்கள் குவிவது ஆண்டுதோறும் காணும் காட்சி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, விண்ணப்பத்தில் உள்ள காரின் பெயரைப் படித்தவுடனே ஒரு குடும்பம் கண்முன் வந்து நிற்கும்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பின்னிருக்கையில் பாட்டி. இப்போது வேறு வகைப் பெயர்களும் இடையிடையே தென்படுகின்றன. புணே, பெங்களூரு, குருகிராம் போன்ற நகரங்களில் நல்ல ஊதியம் பெறும் இளைஞர்கள் சிலர், ஓரிரு கைகள் மாறிய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கத் தொடங்கியுள்ளனர். புதிதாக வாங்கினால் எட்டாத விலையுள்ள வண்டி, சில ஆண்டுகள் ஓடிய பின் எட்டும் விலைக்கு வந்துவிடுகிறது. திருப்பிச் செலுத்தும் தகுதி இருப்பின் வங்கிக்கு அதில் ஆட்சேபம் எதுவுமில்லை.

அத்தகைய கார் ஒன்று குடியிருப்பு வளாகத்தினுள் நுழைந்தால், அடுத்த நிமிடம் அதைச் சூழ்ந்து நிற்பவர்கள் குழந்தைகள்தாம். அக்காவின் மகன், பக்கத்து வீட்டுச் சிறுமி, நண்பரின் பிள்ளை என்று ஒவ்வொருவராக வந்து “ஒரே ஒரு ரவுண்டு” என்று கேட்பர். பெரியவர்களுக்கும் அதில் விருப்பம் உண்டு. தம் பிள்ளை அந்தச் சிவப்பு வண்டியில் அமர்ந்து கையசைக்கும் காட்சியைப் படமெடுக்கக் கைபேசியுடன் காத்திருப்பர். இக்கட்டுரை அந்த ஒரு ரவுண்டைப் பற்றியது.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். குழந்தையைத் தாராளமாக அழைத்துச் செல்லலாம். ‘அதெல்லாம் பெரியவர்களுக்கான வண்டி’ என்று விரட்ட வேண்டியதில்லை. ஆனால், அக்குழந்தைக்கு ஏற்ற இருக்கை அந்தக் காரில் இருந்தால் மட்டுமே அழைத்துச் செல்ல வேண்டும். இருக்கை பொருத்தியபின், குழந்தை விரும்பும் வேகத்தில் ஓட்டினால் போதும். குழந்தை விரும்பும் வேகம் நாம் எண்ணுவதைவிட மிகக் குறைவானது.

நான்கு, ஐந்து வயதுக் குழந்தைக்கு ஸ்போர்ட்ஸ் காரில் பிடித்தவை எவை என்று சற்றே கவனித்துப் பாருங்கள். அதன் நிறம் பிடிக்கும். கதவு திறக்கும் விதம் பிடிக்கும். மற்றக் கார்களில் ஏறி அமர வேண்டும். இதில் இறங்கி அமர வேண்டும் என்பதே குழந்தைக்குப் பெரும் வேடிக்கை. எஞ்சினை இயக்கியவுடன் எழும் உறுமல் பிடிக்கும். மேற்கூரை மடங்கிப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் வகையாயின் அதை நூறு முறை திறந்து மூடச் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனக்குப் பிடித்த மாமாவோ சித்தப்பாவோ அந்த இருபது நிமிடமும் கைபேசியைத் தொடாமல் தன்னுடனேயே இருக்கிறார் என்பது பிடிக்கும். இந்தப் பட்டியலில் மணிக்கு 140 கிலோமீட்டர் என்பது எங்குமே இல்லை. வேகமானியைப் படிக்கத் தெரியாத வயது அது. தாழ்ந்த இருக்கையில் அமர்ந்த குழந்தைக்குச் சன்னல் விளிம்பு கண்மட்டத்துக்கும் மேலே இருப்பதால், வெளியே ஓடும் மரங்கள்கூடச் சரியாகத் தெரிவதில்லை. தரையை ஒட்டிச் செல்லும் வண்டியில் 40 கிலோமீட்டர் வேகமே பெரியவர்களுக்கு 60 போலத் தோன்றும் என்றால், குழந்தைக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆக, அந்தப் பயணத்தில் வேகத்தை நாடுபவர் பெரும்பாலும் ஓட்டுநர்தாம். குழந்தை சிரிக்கும்போது, ‘இதற்கே இப்படியென்றால்’ என்ற எண்ணம் அவருக்கு எழுகிறது. கால் சற்று அழுந்துகிறது. நின்ற நிலையிலிருந்து 4 வினாடிகளில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் வண்டியில், அந்த 4 வினாடிகளும் குழந்தையின் தலையை அதன் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு நிகரான விசை பின்னோக்கி அழுத்துகிறது. நமக்கு அது களிப்பு. கழுத்துத் தசைகள் இன்னும் உறுதிப்படாத, உடலோடு ஒப்பிடுகையில் தலை பெரிதாக உள்ள ஒரு சிறு உருவத்துக்கு அது வேறு. சில குழந்தைகள் அதற்கும் சிரிக்கின்றன. சில குழந்தைகள் திடீரென்று மௌனமாகிவிடுகின்றன. அம்மௌனத்தை வியப்பு என்று பொருள்கொண்டு, மீண்டும் ஒருமுறை அழுத்தும் பெரியவர்கள் உண்டு. இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பருவத்தில்தான் பயணக் குமட்டல் மிகுதியாக வரும் என்பதையும், அந்தத் தோல் இருக்கைகளைத் துப்புரவு செய்ய ஆகும் செலவையும் நினைவில் கொள்வது வண்டி உரிமையாளருக்கு நல்லது!

இனி மடிக்கு வருவோம். நம் நாட்டில் குழந்தைகளின் முதல் கார்ப் பயணம் தாயின் மடியில்தான் தொடங்குகிறது. ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் இரண்டு இருக்கைகளே உடையது. ஆகவே குழந்தைக்கு மீதமிருப்பது மடி ஒன்றுதான் என்று பலரும் எண்ணுகின்றனர். ஓட்டுநரே தம் மடியில் அமர்த்தி, பிஞ்சுக் கைகளைச் சுக்கான் சக்கரத்தின்மீது வைத்துப் படமெடுப்பதையும் காண்கிறோம். மெதுவாகத்தானே போகிறோம், இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்பதே அனைவரும் கூறும் சமாதானம்.

வணிகவியல் பட்டதாரியான எனக்கு இயற்பியல் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. எனினும் இந்தக் கணக்கு, வட்டிக் கணக்கு போடத் தெரிந்தவர் எவருக்கும் விளங்கும். 15 கிலோ எடையுள்ள குழந்தை. வண்டி செல்வது 50 கிலோமீட்டர் வேகத்தில். எதிரே வந்த ஒன்றில் மோதி, ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் வண்டி நின்றுவிடுகிறது என்று கொள்வோம். அந்தக் கணத்தில் குழந்தையை இழுத்துப் பிடிக்கத் தேவைப்படும் விசை, ஏறத்தாழ 400 கிலோ எடையைத் தாங்குவதற்கு ஒப்பானது. எந்தத் தாயின் கைக்கும், எந்தப் பயில்வானின் கைக்கும் அந்த வலிமை கிடையாது. அன்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. மேலும், மோதலின் விளைவு வேகத்தின் மடங்கில் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 40இலிருந்து 80 ஆனால் இரு மடங்கு அன்று, நான்கு மடங்கு. 120 ஆனால் ஒன்பது மடங்கு. கூட்டு வட்டியைக் கண்டு அஞ்சும் நாம் இதைக் கண்டு அஞ்சுவதில்லை.

முன்னிருக்கையில் மடியில் அமர்ந்த குழந்தைக்கு இன்னொரு ஆபத்து, பெரியவரைக் காப்பதற்கென்றே வைக்கப்பட்ட ஏர்பேக். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும் அந்தக் காற்றுப்பை, வளர்ந்தவரின் மார்பைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது. மடியில் இருக்கும் குழந்தையின் தலையோ அதற்கு மிக அருகில், அது விரியும் பாதையிலேயே இருக்கிறது. பின்னோக்கிப் பொருத்தும் கைக்குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் நிலையிலுள்ள முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்கலாகாது என்று கார்களின் சூரியத்தடுப்பில் படம் போட்டே எச்சரித்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரே பெல்ட்டைத் தமக்கும் மடிக்குழந்தைக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்வது அதனினும் கொடிது. பெரியவரின் முழு எடையும் பெல்ட்டுக்கும் தமக்கும் இடையே உள்ள குழந்தையின்மேல் விழும்.

சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிறைவடையாத குழந்தையை இருக்கைப் பட்டையாலோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையாலோ பிணைக்காமல் வண்டி ஓட்டினாலும், ஓட்ட அனுமதித்தாலும் ரூ. 1,000 அபராதம் என்கிறது. ஓட்ட அனுமதிப்பவர் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வண்டியின் உரிமையாளர் வீட்டில் அமர்ந்திருந்தாலும் அவரையும் அது தொடக்கூடும். பல லட்சம் கொடுத்து வண்டி வாங்கியவருக்கு ஆயிரம் ரூபாய் ஒரு பொருட்டன்று என்பது உண்மைதான். அபராதத்துக்கு அஞ்சிப் பெல்ட் போடுபவர்களை நம்பி இக்கட்டுரையை எழுதவும் இல்லை.

எல்லா ஸ்போர்ட்ஸ் கார்களும் ஒன்றல்ல என்பதையும் கூற வேண்டும். போர்ஷே 911 போன்றவற்றில் முன்னிருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு சிற்றிருக்கைகள் உண்டு. வளர்ந்தவர் அங்கே அமர்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். குழந்தை இருக்கை பொருத்த அவை போதுமானவை. இரண்டே இருக்கை கொண்டவற்றுள் சிலவற்றில் பயணியர் பக்க ஏர்பேக்கைச் சாவி கொண்டு அணைத்துவைக்கும் வசதியும், குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கிகளும் இருக்கும். சிலவற்றில் இரண்டும் இரா. எது எப்படி என்பதை வண்டியின் கையேடுதான் சொல்லும், விற்பவரின் வாய்ச்சொல் அன்று. அணைக்கும் வசதி இல்லாத, பின்னிருக்கையும் இல்லாத கார் சிறு குழந்தைக்கு உரியதன்று. அதை நிறுத்திவைத்து உள்ளே அமர்ந்து விளையாட விடலாம், அவ்வளவுதான். பந்தயக் கார்களில் உள்ளது போன்ற பல முனைப் பட்டைகளை மாட்டினால் இன்னும் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கின்றனர். அவை வளர்ந்தவரின் தோளுக்கும் இடுப்பெலும்புக்கும் அளவெடுத்தவை. குழந்தையிடம் அந்த அளவுகள் இல்லை.

2023ஆம் ஆண்டு தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனை, ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளின் அளவிலான பொம்மைகளையும் காரில் அமர்த்திச் சோதித்து, குழந்தைகளின் பாதுகாப்புக்கென்று தனியே நட்சத்திரங்கள் வழங்குகிறது. குடும்பக் கார் வாங்குவோர் இப்போது அதைக் கேட்டு வாங்குவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்கள் இச்சோதனைக்குப் பெரும்பாலும் வருவதில்லை. விலை மிகுந்த வண்டி ஆதலால் பாதுகாப்பும் மிகுந்திருக்கும் என்று ஊகிப்பது பெரியவருக்கு ஓரளவு பொருந்தலாம். குழந்தைக்கு அந்த ஊகம் போதாது.

புணேயில் நான் பணிபுரிந்த கிளையின் வாடிக்கையாளர் ஒருவரைப் பற்றி இங்கே கூற வேண்டும். முப்பது வயதை எட்டாத மென்பொருள் பொறியாளர். மேற்கூரை மடங்கும் இரண்டு இருக்கைக் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கக் கடன் பெற்றவர். அவருடைய அக்காவின் மகனுக்கு நான்கு வயது. மராத்தியிலும் தாய்மாமனை ‘மாமா’ என்றே அழைப்பர். வண்டி வந்த நாள் விநாயக சதுர்த்தியை ஒட்டியது. உறவினர் அனைவரும் கூடியிருந்தனர். “மாமா, என்னை ஏற்றிக்கொள்” என்று பையன் கதவைப் பிடித்துக்கொண்டான். நான் மடியில் வைத்துக்கொள்கிறேன், தெருமுனை வரை போய் வா என்றார் அக்கா. “இருக்கை வராமல் அவனை ஏற்ற மாட்டேன், அக்கா” என்று இவர் மறுத்திருக்கிறார். பண்டிகை நாளில் குழந்தையை அழவைத்தவன் என்ற பெயர் அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது. பாட்டி இரண்டு நாள் பேசவில்லையாம்.

அதன்பின் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கையேட்டைப் படித்து, பையனின் உயரத்தையும் எடையையும் அளந்து, அந்த இருக்கையில் பொருந்தக்கூடிய குழந்தை இருக்கையைத் தேடி வரவழைத்தார். வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் பையன் நாள்தோறும் தொலைபேசியில் “இருக்கை வந்ததா, மாமா?” என்று கேட்டானாம். வந்ததும், இருக்கையைப் பொருத்துவதற்கு அவனையே உதவிக்கு வைத்துக்கொண்டு, கொக்கி மாட்டும் ஓசை கேட்கிறதா என்று கவனிக்கும் பொறுப்பையும் அவனுக்கே கொடுத்திருக்கிறார். ஏர்பேக்கை அணைத்து, அதற்கான விளக்கு எரிகிறதா என்று பார்த்து, பயணியர் இருக்கையை இயன்றவரை பின்னுக்குத் தள்ளி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பாஷாண் ஏரிப் பக்கமாகச் சென்று வந்தனர். இருபது நிமிடம். ஒருமுறைகூட 40ஐத் தாண்டவில்லை என்று, தவணை தொடர்பாகக் கிளைக்கு வந்தபோது என்னிடம் கூறினார். “பையன் என்ன சொன்னான்?” என்று கேட்டேன். “வண்டி சிங்கம் மாதிரி கத்தியது என்று பள்ளியில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான், சார். அப்புறம், பெல்ட்டை மாட்டியது நான்தான் என்றும் சொல்லியிருக்கிறான்.”

அவர் அந்த 40 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த எண்ணுக்கு நம் சட்டத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றிச் செல்கையில், குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டை, குழந்தைக்குரிய தலைக்கவசம், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் ஆகியவை வேண்டும் என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி வகுத்தது. காருக்கு அத்தகைய வேக விதி இல்லை. எழுதப்பட்ட விதி இல்லாவிடினும், சிறு குழந்தையோடு ஸ்போர்ட்ஸ் காரில் உல்லாசமாகச் சுற்றிவரும்போது அதே எண்ணைப் பின்பற்றலாம் என்பது என் யோசனை. அலுவலகத்துக்கோ மருத்துவமனைக்கோ விரையும் பயணம் அன்று இது; எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை.

நெடுஞ்சாலைக்குப் போனால்தானே வண்டியின் அருமை தெரியும் என்பர். நம் நெடுஞ்சாலைகளின் நிலையை வண்டி ஓட்டும் யாவரும் அறிவர். எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனம், நடுச்சாலையில் அசைபோடும் மாடு, வண்ணம் பூசாத வேகத்தடை. இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாய், 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அலுங்காமல் கடக்கும்படி இருக்க வேண்டும். நம் தெருக்களில் உள்ளவற்றுள் எத்தனை அப்படி இருக்கின்றன என்பதை ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளரின் வண்டியடிப்பகுதியே சாட்சி சொல்லும். மேலும், இக்கார்களின் மொத்த உயரமே 1.3 மீட்டர் அளவுதான். உயரமான லாரியின் ஓட்டுநர் பக்கவாட்டில் வரும் இத்தகைய வண்டியைக் காணாமல் போவதற்கு வாய்ப்பு மிகுதி. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவற்றுள் பத்தில் ஏழுக்கும் மேற்பட்ட இறப்புகள் அதிவேகம் தொடர்பான விபத்துகளில் நேர்ந்தவை.

வங்கி அலுவலர் எழுதும் கட்டுரையில் காப்பீடு வராமல் இருக்குமா? வரத்தான் வேண்டும், ஏனெனில் இந்த ஒரு ரவுண்டில் பெரும்பாலோர் அறியாத பகுதி அதுவே. பிள்ளையை அழைத்துச் செல்ல நண்பர் முன்வரும்போது, வண்டியின் காப்பீடு எவ்வகையானது என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் தவறாக எண்ணுவாரோ என்று தயங்குகிறோம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள தனியார் காரில் கட்டணமின்றிப் பயணம் செய்பவர்களுக்குப் பொதுவாக அந்தப் பாலிசியின்கீழ் பாதுகாப்பு இல்லை. முழுமைக் காப்பீடு இருந்தால் உள்ளே அமர்ந்திருப்போருக்கான பொறுப்பையும் அது ஏற்கும். பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் சிறு கூடுதல் தொகை செலுத்திச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டாயமாக உள்ள ரூ. 15 லட்சம் விபத்துக் காப்பீடு, ஓட்டும் உரிமையாளருக்கு மட்டுமே உரியது. அருகில் அமர்ந்த குழந்தைக்கு அன்று. பலர் அதைக் குடும்பம் முழுவதற்குமானது என்று நினைத்துக்கொண்டிருக்கின்றனர்.

பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்புகள்’ என்றொரு பத்தி இருக்கும். சிறிய எழுத்தில் இருப்பதால் எவரும் படிப்பதில்லை. வாடகைக்கு விடுதல், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தும்போது காப்பீடு செல்லாது என்று அங்கே எழுதியிருக்கும். வண்டி எவ்வளவு வேகம் போகும், பார்த்துவிடுவோம் என்று காலிச்சாலையில் ஓட்டுவதை இழப்பீட்டு அலுவலர் எந்தப் பெயரிட்டு அழைப்பார் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று ஸ்போர்ட்ஸ் காரை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுக்கும் வழக்கமும் பெருநகரங்களில் பரவிவருகிறது. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. பலூன் அலங்காரத்துக்கும் மேடைக்கும் செலவிடுவதைவிடக் குழந்தைக்கு இது பிடிக்கலாம். ஆனால் வண்டி வந்து நின்றதும் எண் பலகையைப் பாருங்கள். தாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. ஓட்டுநருடன் வரும் வாடகைக் காருக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் அது ஒருவரின் சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிவான கார். அதை உங்களுக்கு வாடகைக்குத் தந்திருப்பது பதிவு விதிக்கும் முரண், காப்பீட்டு நிபந்தனைக்கும் முரண். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு நீங்களே காரணம் எழுதிக் கொடுத்தது போலாகும். வாடகை வண்டியில் குழந்தை இருக்கை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். வீட்டுக் காரில் உள்ளதைக் கழற்றி அதில் பொருத்த இயலுமா என்பதையும் முன்னரே கேட்டுவிட வேண்டும். இயலாது என்றால் அந்த ஒரு மணி நேரத்தைப் படமெடுப்பதோடு முடித்துக்கொள்வது உசிதம்.

செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் கணக்குத் தொடங்க வரும் பெற்றோரை நான் நாள்தோறும் காண்கிறேன். கணக்குத் தொடங்கி 21 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கப்போகும் தொகையை ரூபாய் சுத்தமாகக் கணக்கிட்டுக் கேட்பர். வட்டி கால் விழுக்காடு குறைந்தால் மனம் வருந்துவர். அதே பெற்றோர், அதே மகளைக் காரின் மேற்கூரைச் சாளரத்தின் வழியே எழுந்து நிற்கவிட்டு ஓட்டிச் செல்வதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். இருபத்தொரு ஆண்டை நோக்கும் கண்ணுக்கு அடுத்த திருப்பம் புலப்படாமல் போவது விந்தைதான்.

குழந்தைக்கு ஏற்படும் காயம் மட்டுமே இதில் உள்ள கவலை என்று எண்ணிவிடக் கூடாது. முன்னிருக்கையில் அமர்ந்த குழந்தை ஓட்டுநரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சிவப்பு விளக்கில் நிற்கிறாரா, முந்திச் செல்பவரைக் கண்டு சினம் கொள்கிறாரா, பாதசாரிக்கு வழிவிடுகிறாரா என்பதெல்லாம் அதன் மனத்தில் பதிகின்றன. 2024 மே மாதம் இதே புணேயின் கல்யாணி நகரில், 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாக வழக்குப் பதிவான போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் உயிரிழந்ததை நாடே அறியும். 18 வயது நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ ரூ. 25,000 அபராதமும் 3 ஆண்டுகள் வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்த வழக்கின் நியாயங்களை நீதிமன்றம் ஆராயட்டும். வேகமான வண்டி கைக்கு வந்தால் விதிகள் தளர்ந்துவிடும் என்ற எண்ணம் பதினேழு வயதில் திடீரென்று பிறப்பதில்லை என்பது மட்டும் என் கருத்து.

வேகத்தின்மீது உண்மையான நாட்டம் கொண்ட குழந்தைகளும் உண்டு. அவர்களை அடக்கிவைக்கச் சொல்லவில்லை. கிரேட்டர் நொய்டாவில் புத்தர் பெயரிலான பன்னாட்டுப் பந்தயத் தடம் இருக்கிறது. 2011இல் நாட்டின் முதல் பார்முலா ஒன் பந்தயம் அங்கேதான் நடந்தது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூர் கரி தடத்திலும் பந்தயங்கள் நடைபெறுகின்றன. பந்தய நாளில் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து, காதுக்குக் காப்பு மாட்டி, குழந்தைக்கு அந்த முழக்கத்தைக் காட்டலாம். சற்று வளர்ந்தபின் கார்ட்டிங் தடத்தில் பயிற்சிக்குச் சேர்க்கலாம். 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனின் தந்தையும் ராலி பந்தய வீரரே. அத்தகைய வீடுகளில் வளரும் பிள்ளைகள், தலைக்கவசமும் பட்டையும் அணியாமல் எவரும் வண்டியை நகர்த்துவதில்லை என்பதையும் சேர்த்தே பார்த்து வளர்கின்றனர்.

வங்கியின் பக்கத்தில் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. கார்க்கடன் வழங்கும்போது காப்பீட்டுச் சான்று கேட்கிறோம், பதிவுச் சான்று கேட்கிறோம், வண்டியின்மீது வங்கியின் உரிமை பதியப்பட்டுள்ளதா என்று பார்க்கிறோம். வீட்டில் சிறு குழந்தை இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. வண்டியோடு சேர்த்து வாங்கும் ஒலிபெருக்கி, அலங்காரச் சக்கரம் இவற்றுக்கெல்லாம் விலைப்பட்டியலில் இடம் பிடிக்கும் வாடிக்கையாளர்களிடம், குழந்தை இருக்கையையும் அதிலேயே சேர்க்குமாறு கடன் பிரிவில் உள்ள சக அலுவலர்கள் ஒரு சொல் கூறலாம். ஸ்போர்ட்ஸ் காரின் ஒரு சக்கரத்துக்குரிய டயர் விலையில் நல்ல இருக்கை வாங்கிவிடலாம். நான் இப்போது ஒவ்வொரு விண்ணப்பதாரரிடமும் இதைக் கேட்டு வருகிறேன். திருமணமாகாத இளைஞர்கள் சிரிக்கின்றனர். “எனக்கு எதற்கு, சார்?” என்பர். அக்கா, அண்ணனுக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டால், பெரும்பாலும் உண்டு என்கின்றனர். சிலர் அங்கேயே கைபேசியை எடுத்து, குழந்தையின் உயரம் என்ன என்று வீட்டுக்குக் கேட்கின்றனர்.